மார்பக அடர்த்தி: தாய்வீட்டுச் சொத்து மட்டும்தானா?

"அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததே, மகளுக்கும் வருமோ?"

இந்த நோய் எட்டிப்பார்த்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. நாலு பேர் முன்னால் கேட்கத் தயங்கி, டாக்டரிடம் தனியாகக் கேட்பவர்கள் அதிகம். பதிலில் "பரம்பரை", "ஜீன்" என்ற இரண்டு சொற்கள் கட்டாயம் வரும். சரி, பரம்பரையாக வருவது எது? நோயேதானா? நோய் வருவதற்கான வாய்ப்பா? இல்லை, வந்த நோயைக் கண்டுபிடிக்க விடாமல் மறைக்கும் வேறு ஏதாவதா?

மூன்றாவது கேள்வி கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் மார்பக அடர்த்தி. அது நோயை மறைக்கவும் செய்கிறது, நோய் வரும் வாய்ப்பைக் கூட்டவும் செய்கிறது. போதாததற்கு, அதன் பெரும்பகுதி மரபணு வழியாக வருகிறது!

அதென்ன அடர்த்தி?

மார்பகத்துக்குள் பால் சுரப்பிகளும் அவற்றின் குழாய்களும் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்க நார்த்திசு இருக்கிறது. மீதி இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. மேமோகிராம் என்பது மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே. கொழுப்பைக் கதிர்கள் எளிதாகக் கடந்துவிடும், அதனால் அது படத்தில் கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் கதிர்களைத் தடுக்கும், அவை வெள்ளையாகத் தெரியும். படத்தில் வெள்ளை எவ்வளவு பங்கு என்பதுதான் அடர்த்தி.

இது கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. மார்பகம் பெரியதா சிறியதா, இறுக்கமா தளர்வா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. படம் எடுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். டாக்டர்கள் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டிய பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்குக் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு. 40 சதவீதம் பேருக்கு ஆங்காங்கே அடர்த்தி. இன்னொரு 40 சதவீதம் பேருக்கு பெரும்பகுதி அடர்த்தி. கடைசி 10 சதவீதம் பேருக்கு மிக மிக அடர்த்தி. அதாவது ஏறக்குறைய பாதிப் பெண்கள் 'அடர்த்தி' என்ற பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். ஆகவே இது நோயும் இல்லை, குறையும் இல்லை. சிலர் உயரம், சிலர் குட்டை என்பதைப் போல இதுவும் ஓர் உடல் இயல்பு.

பிறகு எதற்குக் கவலை? இரண்டு காரணங்கள்.

முதலாவது, புற்றுநோய்க் கட்டியும் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவது, உப்புக் குவியலில் சிந்திய சர்க்கரையைத் தேடுவது மாதிரி. இரண்டாவது, அடர்த்தியான திசுவில் நோய் வரும் வாய்ப்பே கொஞ்சம் அதிகம். டெட்ராய்ட் நகரத்து ரேடியாலஜிஸ்ட் ஜான் வுல்ஃப், 1976-ல் மேமோகிராம் படங்களை அவற்றின் வெள்ளை கறுப்பு அமைப்பை வைத்து வகைப்படுத்தி, வகைக்கு வகை நோய் வாய்ப்பு மாறுகிறது என்று எழுதினார். அந்தக் கருத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த நார்மன் பாய்ட்.

2007-ல் பாய்ட் குழு வெளியிட்ட கணக்கு இது. படத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ வெள்ளையாக இருக்கும் பெண்களுக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் பெண்களைவிட நோய் வாய்ப்பு 4.7 மடங்கு. 'எல்லாம் சரி' என்று மேமோகிராம் ரிப்போர்ட் வந்த 12 மாதத்துக்குள் நோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பை மட்டும் தனியாகப் பார்த்தால்? 17.8 மடங்கு! இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் 'மறைத்தல்' செய்யும் வேலை.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். இது இரண்டு கடைக்கோடிகளை ஒப்பிடும் எண். பெரும்பாலான பெண்கள் நடுவில் இருக்கிறார்கள். மிக அடர்த்தியான வகையில் இருப்பவரைக் கடைக்கோடியில் உள்ளவரோடு ஒப்பிடாமல் சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால், வாய்ப்பு சுமார் இரண்டு மடங்குதான்.

இரட்டையர்கள் சொன்ன சாட்சி

ஒரு குணம் பரம்பரையாக வருகிறதா, வளர்ந்த சூழலால் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா தங்கைக்கு ஜீனும் பொது, சாப்பாடும் பொது. எது எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியாது. இந்த இடத்தில்தான் இரட்டையர்கள் கைகொடுக்கிறார்கள்.

ஒரே கருவில் இருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் முழுவதும் ஒன்று. இரண்டு கருக்களாக உருவான இரட்டையருக்கு, சாதாரண அக்கா தங்கையைப் போல, சராசரியாகப் பாதிதான் ஒன்று. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள். ஆக, ஒரு கரு இரட்டையர் மற்றவர்களைவிட அதிகம் ஒத்துப்போனால், அந்த அதிகப்படி ஒற்றுமை மரபணுவின் கணக்கில்தான் வரவு வைக்கப்பட வேண்டும்.

பாய்ட், மெல்போர்ன் நகரத்து ஜான் ஹாப்பர் உள்ளிட்டோர் இதைத்தான் செய்தார்கள். ஆய்வு வெளியானது 2002-ல். ஆஸ்திரேலியாவில் 353 ஜோடி ஒரு கரு இரட்டையர், 246 ஜோடி இரு கரு இரட்டையர். கனடாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்து 218 ஜோடியும் 134 ஜோடியும். எல்லோரும் 40 முதல் 70 வயதுப் பெண்கள். படங்களில் அடர்த்தியை அளந்து, ஜோடிக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள்.

ஒரு கரு இரட்டையரிடையே ஒட்டுறவுக் கெழு ஆஸ்திரேலியாவில் 0.61, வட அமெரிக்காவில் 0.67. இரு கரு இரட்டையரிடையே 0.25, 0.27. பி.காம். புள்ளியியல் தாளில் இந்தக் கெழுவைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அர்த்தம் சொல்லாமலே புரியும். வயது, எடை போன்றவற்றைக் கழித்த பிறகு, பெண்களுக்கு இடையே அடர்த்தியில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 63 சதவீதம் மரபணுக்களால் விளக்கப்படுகிறது என்று ஆய்வு முடிவு சொன்னது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "உன் அடர்த்தியில் 63 சதவீதம் அம்மா அப்பா தந்தது, மீதி நீ சம்பாதித்தது" என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த எண் ஒரு தனி மனுஷியைப் பற்றியதே இல்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கொருவர் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதைப் பற்றியது மட்டுமே.

இதோடு ஒப்பிட இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து நாடுகளில் 44,788 ஜோடி இரட்டையரை வைத்து 2000-ல் வெளியான ஆய்வு, மார்பகப் புற்றுநோய் என்ற நோயில் மரபணுவின் பங்கு 27 சதவீதம் என்று மதிப்பிட்டது. நோயைவிட அடர்த்திதான் அதிகமாகப் பரம்பரையைச் சார்ந்திருக்கிறது!

பெரிய ஜீனும் சில்லறை ஜீன்களும்

மார்பகப் புற்றுநோயும் மரபணுவும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பி.ஆர்.சி.ஏ. தான். அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் அறிவித்தவர் மேரி கிளேர் கிங். அந்த ஜீன் முழுமையாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1994-ல். 13-ஆம் குரோமோசோமில் உள்ள இரண்டாவது பி.ஆர்.சி.ஏ. 1995-ல். உடைந்த டி.என்.ஏ.-வைப் பழுது பார்ப்பதுதான் இவற்றின் வேலை. இவற்றில் கோளாறோடு பிறந்த பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் என்று 2017-ல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது.

அப்படியென்றால் பி.ஆர்.சி.ஏ. கோளாறு உள்ளவர்களுக்கு அடர்த்தியும் அதிகமாக இருக்க வேண்டுமே? இல்லை என்பதுதான் ஆச்சரியம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. கோளாறு உள்ளவர்களின் அடர்த்தி மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஆனால் கோளாறு உள்ளவர்களுக்குள்ளேயே, படத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆக இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒரே ஆளின் பேரில் இரண்டு கணக்கும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் போகலாம்.

அடர்த்தியைத் தீர்மானிக்க பி.ஆர்.சி.ஏ. மாதிரி ஒரு 'பெரிய முதலாளி' ஜீன் கிடையாது. ஏராளமான சில்லறை ஜீன்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பைசா போட்டு உண்டியல் நிரம்புவது மாதிரி. 2011-ல் 10-ஆம் குரோமோசோமில் இசட்.என்.எஃப்.365 என்ற ஜீன் இருக்கும் இடம் முதலில் பிடிபட்டது. பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உணரும் ஈ.எஸ்.ஆர்.1, வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.1, பருவ வயதில் மார்பகக் குழாய்கள் வளர உதவும் ஆம்ஃபிரெகுலின் ஆகியவற்றின் பக்கத்தில் உள்ள இடங்கள் பட்டியலில் சேர்ந்தன. 2020-ல் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வில் பட்டியல் 46 இடங்களாக நீண்டது. இவற்றில் சில, மார்பகப் புற்றுநோய் வாய்ப்போடும் தொடர்புள்ளவை.

ஹார்மோன், வளர்ச்சி என்று இந்த ஜீன்களின் தொழிலைப் பார்த்தாலே ஒரு விஷயம் புலப்படும். வளரச் சொல்லும் கட்டளைக்குத் திசு எவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அந்த வேகத்தின் தடயம்தான் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது.

இந்த ஜீன்கள் அம்மாவிடமிருந்து மட்டும் வருவதில்லை. பாதி அப்பாவிடமிருந்தும் வருகின்றன. அடர்த்தி ஜீன் ஆனாலும் சரி, பி.ஆர்.சி.ஏ. ஆனாலும் சரி, அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் வந்த நோய் இதே அளவுக்கு முக்கியம். "அம்மா பக்கம் யாருக்கும் இல்லை" என்று சொல்லி நிம்மதி அடைவது பாதிப் பேரேட்டை மட்டும் புரட்டிப் பார்ப்பது போலத்தான்.

முழுப் பேரேட்டையும் புரட்டி ஒன்றும் இல்லாவிட்டால்? 58,209 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2001-ல் வந்த ஆய்வு இதற்கும் பதில் சொன்னது. அம்மாவோ, அக்கா தங்கையோ, மகளோ ஒருவருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு 1.8 மடங்கு, இருவருக்கு இருந்தால் 2.9 மடங்கு. ஆனால் நோய் வரும் ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு இப்படி நெருங்கிய உறவில் யாருக்கும் நோய் இருப்பதில்லை!

வட்டியும் அசலும்

இங்கே ஒரு முரண்பாடு இடிக்கும். வயது கூடக் கூட, குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு, அடர்த்தி குறைகிறது. ஆனால் வயது கூடக் கூட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு அதிகரிக்கிறது. அடர்த்தி கெட்டது என்றால் அது குறையும்போது வாய்ப்பும் குறைய வேண்டாமா?

மால்கம் பைக் என்ற ஆய்வாளர் 1983-ல் சொன்ன ஒரு கருத்து இதற்கு விடை தருகிறது. மார்பகத் திசுவுக்குப் பிறந்த தேதி காட்டும் வயது ஒன்று, உழைத்துத் தேய்ந்த வயது இன்னொன்று. தேயும் வேகம் இளமையில் அதிகம், பிரசவத்துக்குப் பிறகு குறைவு, மாதவிலக்கு நின்றபின் இன்னும் குறைவு. அடர்த்தியை அந்த ஆண்டின் வட்டி விகிதம் என்று வைத்துக்கொண்டால், நோய் வாய்ப்பு என்பது பல வருஷமாகச் சேர்ந்த மொத்தத் தொகை. வட்டி விகிதம் குறைந்தாலும் பாஸ்புக்கில் இருக்கும் தொகை குறையாது, ஏறிக்கொண்டேதான் போகும். ஆரம்பத்திலிருந்தே அதிக வட்டியில் போட்டவருக்குத் தொகை அதிகம். அதனால்தான் ஒரே வயது, ஒரே எடை உள்ள பெண்களுக்குள் ஒப்பிட வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் அடர்த்தியை அறுபது வயதுப் பாட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

வட்டி விகிதம் மாறக்கூடியது என்பதுதான் நல்ல செய்தி. குழந்தை பெற்றால் அடர்த்தி குறைகிறது. மாதவிலக்கு நின்றபின் எடுக்கும் சில ஹார்மோன் மாத்திரைகள் அதைக் கூட்டுகின்றன. டமாக்சிஃபென் மருந்து குறைக்கிறது. நோய் வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்ட பெண்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையின் படங்களை ஆராய்ந்து 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தால் அடர்த்தி 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 63 சதவீதம் குறைந்தது. மருந்து சாப்பிட்டும் அடர்த்தி அவ்வளவு குறையாதவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை. டமாக்சிஃபெனுக்குப் பக்க விளைவுகள் உண்டு, டாக்டர் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஆனால் ஜீன் எழுதிய தலையெழுத்தைக் கொஞ்சமாவது அழித்து எழுத முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

சொல்லாமல் விட்ட ஒரு வரி

இவ்வளவும் டாக்டர்களுக்குத் தெரியும். படத்தைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் அடர்த்தியைக் குறித்தும் வைப்பார். அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தவர் நான்சி கப்பெல்லோ. கல்வித்துறையில் பணியாற்றியவர். தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர். ரிப்போர்ட் எப்போதும் 'நார்மல்'. 2004-ல் அவருக்கு முற்றிய நிலையில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. மேமோகிராமில் ஏன் தெரியவில்லை என்று கேட்டபோதுதான், தனக்கு அடர்த்தியான மார்பகம் என்பதே அவருக்குச் சொல்லப்பட்டது. அத்தனை வருஷமும் அந்த ஒரு வரி அவர் கைக்கு வரவே இல்லை.

ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவர், கிடங்கின் பாதி பூட்டியிருந்ததால் சரக்கைப் பார்க்க முடியவில்லை என்றால் அதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? பங்குதாரர்கள் சும்மா விடுவார்களா? பணத்துக்கு இருக்கும் அந்த விதி உயிருக்கு இல்லாமல் போயிருந்தது.

நான்சி கப்பெல்லோ சும்மா இருக்கவில்லை. அடர்த்தி பற்றிப் பெண்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்டுப் போராடினார். எதிர்ப்பும் இருந்தது. வீணாகப் பயமுறுத்துவதாகும் என்றார்கள், தேவையற்ற பரிசோதனைகள் பெருகும் என்றார்கள். 2009-ல் கனெக்டிகட் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் அதுவே முதல். பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் பின்தொடர்ந்தன. 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும், மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்க அவர் இல்லை. 2018-ல் இறந்துவிட்டார்.

எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சொன்ன பிறகு என்ன செய்வது? நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய சோதனை இதற்குப் பதில் தேடியது. மேமோகிராம் 'நார்மல்' என்று வந்த, மிக அடர்த்தியான மார்பகம் உள்ள 40,373 பெண்களில் ஒரு பகுதியினரைக் கூடுதலாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அழைத்தார்கள். 2019-ல் வந்த முடிவின்படி, அடுத்த மேமோகிராமுக்கு முன்பே நோய் வெளிப்பட்டது, அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்கு, அழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2.5 பேருக்கு. சரிபாதி! ஆனால் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஆயிரம் பேரில் சுமார் 80 பேருக்குச் சந்தேகம் எழுந்து, மேலும் சோதித்து, கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்த 80 பேர் பட்ட மனவேதனையும் செலவும் கணக்கில் சேரும். லாபம் உண்டு, விலையும் உண்டு. அதனால்தான் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்று யாரும் சொல்வதில்லை. மேமோகிராம் வீண் என்றும் சொல்வதில்லை. அடர்த்தி உள்ளவர்களிலும் ஏராளமான கட்டிகளை மேமோகிராம் கண்டுபிடிக்கத்தான் செய்கிறது.

தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேலே பார்த்த 46 மரபணு இடங்கள் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டவை. அங்கே தைத்த சட்டை இங்கே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கேள்வி கேட்பதற்கு எந்த மரபணு ஆராய்ச்சியும் தேவையில்லை. மேமோகிராம் எடுத்த அம்மாவோ, சித்தியோ, அத்தையோ வீட்டில் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அடர்த்தி எந்த வகை என்று ஒரு வரி அதில் இருக்கும். இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்: "என் அடர்த்தி எந்த வகை? இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்? வேறு ஸ்கேன் தேவையா?" கூடவே, அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டிலும் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வந்திருந்தாலும், இடையில் கட்டியோ மாற்றமோ தட்டுப்பட்டால் அடுத்த மேமோகிராம் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டச் சொல்லுங்கள்.